உளுந்து வந்த லாரி

தமிழில் நாலே சொல்லில் முடிந்துவிடும்:
உளுந்து வந்த லாரி காணோம்.
அப்படித்தான் சொன்னார் ராவுத்தர்,
ஜன்னல் வழியே மொகல் தெருவுக்கு
வெற்றிலைச் சாற்றில் ஒரு பங்கு கொடுத்துவிட்டு.
"சென்னைப் பார்ட்டிக்கு இங்கிலீஷில் எழுதிப் போடு, மா தந்தா."

மா தந்தா நான்தான், ஆபீஸிலும் அடையாள அட்டையிலும்.
வீட்டில் அங்கயற்கண்ணி.
முழுசாகக் கூப்பிட்டு முடிப்பதற்குள்
யாங்கோனில் கரண்ட் போய்விடும்.

த லாரி, என்று தட்டினேன்.
அதற்குமேல் விரல் நகரவில்லை.
எதில்? எதிலிருந்து? எதற்கு?
உளுந்துக்கும் லாரிக்கும் குறுக்கே
ஓர் இன், ஓர் ஆன், ஒரு ஃப்ரம்
ரசீதைக் காட்டு என்று கையை நீட்டுகிறது.
நம் 'வந்த'வுக்கு இந்தக் கெடுபிடி கிடையாது.
நான் வந்த வீடு என்பேன்.
விட்டு வந்ததா, வாழ வந்ததா,
கேட்கிறவர் பாடு.
உருபை விழுங்கிவிட்டு
உதட்டைத் துடைத்துக்கொள்கிறது பெயரெச்சம்.

இன் விச். போட்டாயிற்று.
அறுநூறு மூட்டையும் அதற்குள் ஏறி உட்கார்ந்தன.

"இன்னொன்றும் எழுது," என்றார்.
"ஸோ லின் அதை எவனிடமோ கொடுத்திருக்க வேண்டும்."

வேண்டும்.
இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு
எத்தனை பேர் பிழைத்திருக்கிறோம்.
சேர்த்திருக்க வேண்டும் என்றால்
நிச்சயம் சேர்த்திருப்பான் என்றும் ஆகும்,
சேர்க்காமல் விட்டான் பாவி என்றும் ஆகும்.
குரலின் ஏற்றத்தில் ஒருவன் தப்பிக்கலாம்,
இறக்கத்தில் மாட்டிக்கொள்ளலாம்.
ஈமெயிலில் குரல் போகாது.
மஸ்ட் ஹேவ் ஒரு பெட்டி, ஷுட் ஹேவ் வேறு பெட்டி,
இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு.

த மேன் டு ஹூம் ஹி மஸ்ட் ஹேவ்...
இந்த வரி கிளம்பினால்
சென்னையிலிருந்து இன்ஷூரன்ஸுக்கு,
இன்ஷூரன்ஸிலிருந்து ஸ்டேஷனுக்கு,
ஸ்டேஷனில் ஒரு பட்டியல்.
ஸோ லினுக்கு இருபத்துமூன்று வயது.
இந்த ஊரில் இப்போது அது வயதில்லை, குற்றம்.

மோன்யுவாவிலிருந்து வருகிற வழியில் எத்தனை கேட் என்று
எனக்கு எண்ணிச் சொன்னவன் அவன்தான்.
பதினொன்று. மழை பெய்தால் பன்னிரண்டு.
ஏன் என்று கேட்டேன்.
"நனைகிறவனுக்குப் பசி ஜாஸ்தி, அக்கா."

டு ஹூம் அழித்தேன். பை ஹூம்.
மஸ்ட் அழித்தேன். மே.
அவனை எழுவாயிலிருந்து இறக்கிவிட்டு
அந்த இடத்தில் லாரியை நிறுத்தினேன்.
எந்த ஆட்களால் லாரி நிறுத்தப்பட்டிருக்கலாமோ
அந்த ஆட்கள்.
திருப்பிச் சொல்லிப் பார்த்தால்
தமிழுக்குக் கழுத்து சுளுக்கிக்கொள்கிறது.
இருக்கட்டும்.
வாக்கியத்துக்குள் எங்கே தேடினாலும்
ஸோ லின் அகப்பட மாட்டான்.

ராவுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
திரைக்கு மூக்கைக் கொடுத்தார்.
"மே என்றால்? மே மாசமா?"
"அது மாதிரிதான். மழை வரலாம், வராமலும் போகலாம்."
"டிரைவர் பேரைக் காணோமே."
"லாரியோடு போயிருக்கும்."
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
பிறகு பாக்குவெட்டியைத் தேட ஆரம்பித்தார்.

கீழே வாசலோரம் சமோசா சாலட் போடுகிறவள்
அவனுடைய அக்கா.
எலுமிச்சையைப் பிழிந்தபடி, தலை நிமிராமல்,
வருவானா என்று பர்மிய மொழியில் கேட்டாள்.
வரலாம், என்றேன்.
வாய்ப்பா, அனுமதியா?
இந்த ஒரு விஷயத்தில் மட்டும்
தமிழும் இங்கிலீஷும் கூட்டுக் களவாணிகள்.
பர்மியத்திலும் அதே மழுப்பலோடுதான் சொல்லிவைத்தேன்.

"எந்த கேட் வழியாக?" என்றாள்.

எல்லாருக்கும் உருபு வேண்டியிருக்கிறது.

மாடியில் ஃபேன் நின்றது. தெருவே இருண்டது.
அனுப்பு என்கிற பொத்தானை
அமுக்கிவிட்டு இறங்கினேனா, நினைவில்லை.
அமுக்கியிருக்க வேண்டும்.